வளைந்த மரமும் நிமிர்ந்த வாழ்வும்

வரவேற்பறைக்கு இருக்கை வாங்க வேண்டுமெனில் இன்று தவணையும் வட்டியுமே முதலில் நம் முன் நிற்கின்றன. பழம்பொருள் கடையின் வாசலில் தூசி படிந்து கிடக்கும் வளைமர நாற்காலியை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதன் வரலாற்றை அறிந்தவரோ அவ்வாறு கடந்து செல்ல மாட்டார்.

யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருப்பதற்காகப் பருகிய காப்பி, உஸ்மானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. 19ஆம் நூற்றாண்டில் வியன்னா நகரம் காப்பிக் கடைகளுக்குப் பெயர் பெற்றிருந்தது. அக்கடைகளுக்கு எடை குறைந்த, உறுதியான, விலை மலிந்த இருக்கைகள் தேவைப்பட்டன.

அத்தேவையை நிறைவு செய்தவர் மிக்கேல் தோனெத் என்னும் தச்சர். 1796இல் ரைன் நதிக்கரையிலுள்ள போப்பார்டில் பிறந்த அவர், சொந்த ஊரில் தொழில் நொடித்துப்போக, 1842இல் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார். பீச் மரக் கழிகளை நீராவியில் இளக்கி, இரும்பு அச்சுகளில் வளைத்து உலர்த்தினார். வளைக்கும்போது வெளிப்புற நார்கள் இழுபட்டுப் பிளக்காதிருக்க, அப்பக்கத்தில் இரும்புப் பட்டையொன்றை இறுகப் பிணைத்தார்.

1859இல் அவருடைய 14ஆம் எண் நாற்காலி வெளிவந்தது. 6 மரப்பகுதிகள், 10 திருகாணிகள், 2 மரைகள், அவ்வளவே. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. 1930ஆம் ஆண்டுக்குள் சுமார் 5 கோடி நாற்காலிகள் விற்பனையாயின. 1869இல் காப்புரிமை முடிவுற்றதும் பிற நிறுவனங்களும் வளைமர நாற்காலிகளைச் செய்யலாயின. மும்பையின் ஈரானி உணவகங்களிலும் இவ்வகை நாற்காலிகளே இடம்பெற்றன.

தொலைதூரப் பயணத்திற்காகக் கழற்றத்தக்கதாய் அமைக்கப்பட்டதே அதன் நீண்ட ஆயுளுக்கும் காரணமாயிற்று. மூட்டு ஆடினால் திருகாணியை இறுக்கலாம். பிரம்புப் பின்னல் அறுந்தால் அதை மட்டும் புதிதாகப் பின்னலாம். ஒரு பகுதி பழுதானால் முழுவதையும் எறிய வேண்டியதில்லை.

எனவே, பழைய நாற்காலியை வாங்குவோர் முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கட்டும். இருக்கை வளையத்தின் உட்புறத்தில் செய்தோர் முத்திரையோ, ஒட்டிய தாளின் எச்சமோ இருக்கக்கூடும். மரம் உளுத்திருக்கிறதா, வளைவில் பிளவு உண்டா என்பதையும் கவனிக்க வேண்டும்.

வீண்விரயத்தைத் தவிர்க்கவும் கடனுக்கு அஞ்சவும் நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. விருந்தினரை அமர்த்த வட்டிக்கு வாங்கிய மெத்தை இருக்கைதான் வேண்டுமென்பதில்லை. கைக்காசில் வாங்கிச் செப்பனிட்ட பழைய நாற்காலி போதும். அதில் அமர்பவருக்கும் மன நிறைவு, அமர்த்துபவருக்கும் நிம்மதி.