கரி பூசிய முகங்களும் கைதட்டிய கரங்களும்

சிரிப்புக்கு வர்க்கமுமில்லை, நிறமுமில்லை என்பர் சிலர். அது எவரைப் பார்த்து எழுகிறது, எவர் நலனுக்குத் துணைபோகிறது என்று கேட்டவுடன் அக்கூற்று நிலைகுலைந்து விடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க 'மின்ஸ்ட்ரல்' அரங்கு இதற்குத் தக்க சான்றாகும்.

1830ஆம் ஆண்டையொட்டித் தோமஸ் ரைஸ் என்னும் வெள்ளை நடிகர், எரித்த தக்கையின் கரியை முகத்திற் பூசி, கந்தலணிந்து, 'ஜிம் குரோ' என்ற கறுப்பனாக ஆடிப்பாடிப் புகழ் பெற்றார். 1843இல் டான் எம்மெட் முதலிய நால்வர் 'வேர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்' என்ற பெயரில், நியூயோர்க்கில் இதனை ஒரு முழு நிகழ்ச்சியாகவே வளர்த்தனர். அவர்கள் மீட்டிய பான்ஜோ, ஆபிரிக்க அடிமைகளின் இசை மரபிற் பிறந்த வாத்தியம். உழைப்பைப் பறித்த சமுதாயம் இசையையும் பறித்துக்கொண்டது.

இவ்வரங்கிற் கைதட்டியவர் யாவர்? தொடக்கத்திற் பெரும்பாலும் பவரி வட்டாரத்து வெள்ளைத் தொழிலாளர். பஞ்சம் பிழைக்க வந்த ஐரிஷ் மக்களும் அவருள் அடங்குவர். தாமும் இகழப்பட்டவர்களே. அரைவட்டமாய் அமர்ந்த குழுவின் நடுவே கனவானைப் போலப் பேசுபவனை, இரு முனைகளிலும் இருந்த கோமாளிகள் மடக்கும்போது அவர்கள் மகிழ்ந்தனர். முதலாளிமீது கொண்ட சினத்துக்கு அது வடிகாலாயிற்று. ஆனால் அச்சினம் அடிமையின் முதுகிலேறியே அரங்குக்கு வந்தது. 'நீ எவ்வளவு வறியவனாயினும் வெள்ளையன்' என்று அம்முகமூடி அவர்களுக்கு ஆறுதல் கூறியது. ஒன்றுபட்டிருக்க வேண்டிய இரு உழைப்பாளர் கூட்டங்களுக்கிடையே சிரிப்பே சுவராயிற்று.

1847 முதல் ஏழாண்டுகள் நியூயோர்க்கில் ஆடிய கிறிஸ்டி குழு, நடுத்தரக் குடும்பங்களையும் ஈர்த்தது. எசமானின் தோட்டத்தை எண்ணி ஏங்கும் அடிமை அம்மேடைகளிற் பாடினான். 1860இன் குடிமதிப்பிலோ ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் அடிமைகளாய் எண்ணப்பட்டனர். அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரெடெரிக் டக்ளஸ், 1848இலேயே தமது பத்திரிகையில் இக்கூத்தாடிகளைக் கடுமையாகச் சாடினார். உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பர் குழுக்களும் தோன்றின. பிழைப்புக்காக அவர்களுட் பலர் தம் கறுத்த முகத்தின்மீதே கரி பூச நேர்ந்தமை வரலாற்றின் கொடூரமாகும்.

இக்கரி கடல் கடந்தும் வந்தது. கல்கத்தாவில் டேவ் கார்ஸன் என்பவர் வங்காளிப் பாபுவைக் கேலிப்பொருளாக்கி வெள்ளையரை மகிழ்வித்தார். 1870களில் வங்க நடிகர் அர்த்தேந்து சேகர் முஸ்தபி, சாகிப்பையே மேடையேற்றி அதற்குப் பதிலடி கொடுத்தார். நகையாடப்பட்டவன் அரங்கைக் கைப்பற்றும்போது சிரிப்பின் திசை மாறுகிறது.

'ஜிம் குரோ' என்ற கோமாளியின் பெயரே பின்னர் நிறஒதுக்கற் சட்டங்களின் பெயராயிற்று. அச்சட்டங்களை வீழ்த்த 1964, 1965ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரை கறுப்பின மக்கள் போராட வேண்டியிருந்தது. மேடையில் இழிவுபடுத்தப்பட்டவனை வாழ்வில் ஒதுக்குவது எளிதாகிவிடுகிறது. ஆகவே, ஒரு கலையை மதிப்பிடும்போது அதனை ஆடியவனை மாத்திரமன்றி, கைதட்டியவனையும் நாம் விசாரித்தல் வேண்டும்.