ரோட்ஸ்டர்: ஒரு சொல்லும் அதன் கூடும்

ஆங்கிலத்தில் ‘ரோட்ஸ்டர்’ என்பது இன்று நிலையான கூரையில்லாத, இருவர் அமரும் காரின் பெயர். ஆனால் அச்சொல் தோன்றிய காலத்தில் சாலையில் ஓடவில்லை, கடலில் நங்கூரமிட்டுக் கிடந்தது. ‘ரோடு’ என்பதன் வேர் பழைய ஆங்கிலத்தின் ‘ராட்’. சவாரி, அதாவது குதிரைமேல் ஏறிச் செல்லுதல் என்பது அதன் பொருள். செல்லும் செயலின் பெயர் செல்லும் வழிக்கு ஆகிவந்தது 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான். அதற்கு நெடுங்காலம் முன்பே, கரையை அடுத்துக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கத்தக்க கடற்பரப்பையும் அச்சொல் குறித்துவந்தது. சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் செயற்கைத் துறைமுகம் கட்டப்படும் வரை கப்பல்கள் திறந்த கடலிலேயே நின்றன, ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைகடந்து கரையேறினர் என்பது தமிழர் அறிந்த செய்தி. அந்தக் கடற்பரப்பை ஆங்கிலேயர் ‘மெட்ராஸ் ரோட்ஸ்’ என்று எழுதியதை ‘சென்னைச் சாலைகள்’ என்று எவரேனும் பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். அத்தகைய கடற்பரப்பில் நிற்கும் கப்பலையே 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோட்ஸ்டர் என்றனர்.

சொல்லின் பின்பாதியாகிய ‘ஸ்டர்’ என்னும் விகுதி பழைய ஆங்கிலத்தில் ஒரு தொழிலைச் செய்யும் பெண்ணைக் குறித்தது. இன்று மணமாகாத முதிர்ந்த பெண்ணைச் சுட்டும் ‘ஸ்பின்ஸ்டர்’ என்ற சொல் முதலில் நூல் நூற்பவள் என்றே பொருள்பட்டது. நாளடைவில் பால்வேறுபாடு தேய்ந்து, ‘இன்னதோடு தொடர்புடையது’ என்ற பொதுப்பொருளே விகுதிக்கு எஞ்சியது. அதன்பின் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெடும்பயணத்துக்கு ஏற்ற குதிரை ரோட்ஸ்டர் எனப்பட்டது; அடுத்து மிதிவண்டியும், நூற்றாண்டின் இறுதியில் இலேசான குதிரைவண்டியும், 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுக்குள் மோட்டார் வண்டியும் அப்பெயரைப் பெற்றன. கப்பல், குதிரை, மிதிவண்டி, கார் ஆகிய நான்கிற்கும் வடிவில் எந்த ஒற்றுமையும் கிடையாது. ஆகவே இக்காலம் முழுவதும் அச்சொல் குறித்தது ஒன்று எங்கே நிற்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்பதையே; எப்படித் தோன்றுகிறது என்பதை அன்று.

தோற்றத்தின் பெயராக அது மாறியதற்கு எழுத்துச் சான்று உண்டு. அமெரிக்க மோட்டார் வண்டிப் பொறியாளர் சங்கம் 1916இல் வண்டிவகைகளுக்கு இலக்கணம் வகுத்தபோது, இருவர் அல்லது மூவர் அமரும் திறந்த கார் என்று ரோட்ஸ்டரை வரையறுத்தது. மடக்கக்கூடிய துணிக்கூரை, கதவுகளில் ஏற்றியிறக்கும் கண்ணாடி இன்மை, மழை வந்தால் பக்கவாட்டில் பொருத்திக்கொள்ளும் திரைகள் ஆகியவை அதன் அடையாளங்களாயின. கண்ணாடி ஏறியிறங்கினால் அதே அளவுள்ள வண்டி ‘கேப்ரியோலே’ எனப்பட்டது. ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை செய்த மாடல் டி வரிசையில் இருவர் அமரும் திறந்த வண்டிக்கு இட்ட பெயர் ‘ரன்அபவுட்’ என்பதாயினும், பிற்காலத்தவர் அதை டி ரோட்ஸ்டர் என்றே அழைக்கின்றனர்; செய்தவர் இட்ட பெயரைப் பயன்படுத்தியவர் வழக்கு வென்றுவிட்டது.

அந்த வழக்கை உருவாக்கியவர்கள் தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள். 1920களிலேயே மூடிய கார்களை மக்கள் விரும்பத் தொடங்கியிருந்ததால், 1930களில் மழைக்கும் குளிருக்கும் உதவாத பழைய ரோட்ஸ்டர்கள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. நிலையான கூரையும் பின்னிருக்கையும் இல்லாததால் அவை எடையிலும் குறைந்தவை. மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, எஞ்சினைத் திருத்தி, லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடக்கேயுள்ள பாலைவனத்தின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளுக்கு அவற்றை ஓட்டிச் சென்று வேகத்தை அளந்து பார்த்தனர். 1932இல் ஃபோர்டு வெளியிட்ட, 221 கன அங்குலமும் 65 குதிரைத்திறனும் கொண்ட வி8 எஞ்சின் இந்த முயற்சிக்குப் பெருந்துணையாயிற்று. வால்வுகள் தலைப்பகுதியில் இல்லாமல் கீழே உருளைக்கட்டிலேயே அமைந்து, மேல்மூடி தட்டையாக இருந்ததால் அதற்கு ‘பிளாட்ஹெட்’ என்று பெயர் வந்தது. அவ்வாண்டின் கடைசி எண்ணாகிய இரண்டைக் கொண்டு, சீட்டாட்டத்தில் இரண்டாம் எண் சீட்டைக் குறிக்கும் ‘டியூஸ்’ என்ற சொல்லால் அந்த ஆண்டு வண்டியை அழைத்தனர்.

இவ்வாறு திருத்தப்பட்ட வண்டிக்கு அன்று வழங்கிய பெயர் ‘ஹாட் ராட்’ அன்று. ‘கௌ ஜாப்’, ‘ஹாப் அப்’ என்பனவே. ‘ஹாப்’ என்பது அமெரிக்கக் கொச்சையில் அபினுக்குப் பெயர். ‘கௌ’ என்பதும் களிம்பு என்று பொருள்படும் கான்டனீசு சீனச் சொல்லிலிருந்து அபினுக்கு ஆகிவந்தது என்ற கருத்து உண்டு. அபின் தின்றவனைப் போல எஞ்சினுக்கு வெறியேற்றுவது என்ற உருவகமே இரு சொற்களுக்கும் அடியில் கிடக்கிறது. ‘ஹாட் ராட்’ என்பது 1940களின் நடுவிலேதான் அச்சில் பரவலாகக் காணக் கிடைக்கிறது. அதன் பிறப்பைப் பற்றி இரு கொள்கைகள் உள்ளன: எஞ்சினுக்குள் இயங்கும் தண்டுகளில் ஒன்றைச் சுட்டும் ‘ராட்’ முழு வண்டிக்கும் ஆகிவந்தது என்பது ஒன்று, ‘ஹாட் ரோட்ஸ்டர்’ என்ற தொடர் நாவில் தேய்ந்து ‘ஹாட் ராட்’ ஆயிற்று என்பது மற்றொன்று. இரண்டாவதே வலுவுடையதாகத் தோன்றுகிறது. ஏனெனில் 1937இல் தோன்றி ஏரிப்படுகைப் போட்டிகளை நடத்திய தெற்குக் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கம் தொடக்க ஆண்டுகளில் மூடிய கூபே வண்டிகளுக்கு இடமளிக்கவில்லை. வேகவண்டி என்றாலே பெரும்பாலும் ரோட்ஸ்டர்தான் என்றிருந்த சூழலில் அச்சொல் சுருங்கி வழங்கியதில் வியப்பில்லை.

செய்தித்தாள்கள் ‘ஹாட் ராட்’ என்பதை ஊர்த்தெருக்களில் கண்மூடித்தனமாக ஓட்டும் பிள்ளைகளுக்கு வசைச்சொல்லாகவே ஆண்டன; அதனால் ஏரிப்படுகைச் சங்கத்தார் அச்சொல்லைத் தங்கள்மேல் சுமக்கத் தயங்கினர். 1948 சனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த கண்காட்சியை ஒட்டி ராபர்ட் பீட்டர்சன், ராபர்ட் லிண்ட்சே இருவரும் 25 சென்ட் விலையில் ஓர் இதழைத் தொடங்கி, அதற்கு ‘ஹாட் ராட்’ என்றே பெயரிட்டனர். ஏரிப்படுகைச் சங்கத்தின் வாலி பார்க்ஸ் பின்னர் அதன் ஆசிரியரானார். வசையையே பெயராக ஏற்று மதிப்பைத் தேடித் தந்த அந்தச் செயல் சொல்லின் வரலாற்றில் பெருந்திருப்பம்.

இனி, வண்டியின் உடலாகிய கூட்டைச் செய்ய உதவும் பொருளுக்கு, அதாவது கண்ணாடியிழைக்கு வரலாம். ஓவன்ஸ் இல்லினாய் நிறுவனத்தில் 1932இல் டேல் கிளைஸ்ட் என்ற ஆய்வாளர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்ட முயன்றபோது, அழுத்தக் காற்று உருகிய கண்ணாடியை மென்மையான இழைகளாகச் சிதறடித்தது. கேம்ஸ் ஸ்லேட்டர் அந்த விபத்தை உற்பத்தி முறையாக்கினார். 1938இல் உருவான ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் அதற்கு ‘ஃபைபர்கிளாஸ்’ என வணிகப்பெயர் சூட்டியபோது, ஆங்கில எழுத்துக்கூட்டில் ஈற்றெழுத்து ஒன்றைக் குறைத்து உரிமை கோரியது; பொதுமக்களோ அந்த எழுத்தைத் திரும்பச் சேர்த்து, பெயரைப் பொதுச்சொல்லாக்கிவிட்டனர். உண்மையில் அப்பெயர் பொருளில் பாதியைக்கூடச் சொல்வதில்லை. துண்டிழைப் பாயைக் கையால் அடுக்கிச் செய்யும் கூட்டில் எடைக்கணக்கில் கண்ணாடி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியது பாலியெஸ்டர் பிசின். அமெரிக்கக் கார்ப்பட்டறையில் பெயரின் பின்பாதியை மட்டும் நிறுத்திக் ‘கிளாஸ் பாடி’ என்கின்றனர். தமிழகக் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்த படகையோ மீனவர்கள் முன்பாதியை நிறுத்தி ‘ஃபைபர்’ என்கின்றனர். ஒரே சொல்லை இரு தொழிலாளர் கூட்டம் இரு முனைகளிலிருந்து நறுக்கியிருப்பது நினைந்து இன்புறத்தக்கது.

ஷெவர்லே நிறுவனத்தின் கார்வெட் 1953இல் கண்ணாடியிழைக் கூட்டோடு, அவ்வாண்டு 300 வண்டிகள் மட்டுமே என்ற அளவில் வெளிவந்தது. ஹாட் ராட் உலகில் அப்பொருள் வேரூன்றியது 1950களின் பிற்பகுதியில், மாடல் டி கூட்டின் படியெடுப்பாக. நார்ம் கிராபவ்ஸ்கி என்பார் கட்டிய, வாளியைப் போன்ற குறுகிய கூடுடைய டி வண்டி ‘77 சன்செட் ஸ்டிரிப்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் வந்ததால் அவ்வடிவத்துக்குப் பெரும் நாட்டம் ஏற்பட்டது. துருவேறிய தகரக் கூடுகளோ அந்த நாட்டத்துக்கு ஈடுகொடுக்கும் அளவில் எஞ்சியிருக்கவில்லை.

கட்டும் முறை சொல்லுக்கு ஒளி தருவது. அடிச்சட்டமாகிய சேஸிஸ் ஓரிடத்தில் வந்து, அதன்மேல் கூடு வேறோரிடத்தில் ஏறுவதை நாமக்கல், கரூர்ப் பட்டறைகளில் ‘பாடி கட்டுதல்’ என்பர். ரோட்ஸ்டர் கட்டுவதும் அத்தகையதே. நல்ல நிலையிலுள்ள ஒரு மூல வண்டியின்மேல் மெழுகு பூசி, பிசினும் இழையும் இட்டு எதிர்வார்ப்பை எடுக்கின்றனர். இதற்குத் தொழில்வழக்கில் ‘ஸ்பிளாஷ்’ என்று பெயர். அவ்வச்சின் உட்புறத்தில் முதலில் ‘ஜெல்கோட்’ என்னும் இழையில்லாப் பிசின்படலத்தைத் தெளித்து, அது இறுகத் தொடங்கியதும் இழைப்பாயை விரித்து, கெட்டிப்பான் கலந்த பிசினால் நனைத்து, உருளையால் காற்றுக்குமிழிகளை ஓட்டி வெளியேற்றுகின்றனர். கடைசியில் வெளிப்படுவதாகிய வண்ணமுகம் முதலில் இடப்படுகிறது என்பதால், செய்பவர் தம் வேலையின் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்கிறார். மூல வண்டியில் ஒரு கதவு தொங்கியிருந்தால் அந்தத் தொய்வும் படியில் பிறக்கும்.

அச்சிலிருந்து எடுத்த கூடு முட்டையோடு போன்றது. விளிம்பில் கைவைத்தால் வளையும். ஆகவே கதவுக் கீல்களும் தாழும் அமரும் தூண்களிலும் தரையோரங்களிலும் எஃகுக்குழாய் அல்லது மரச்சட்டத்தை உள்ளே பதித்து இழையால் மூடவேண்டும். இவ்வேலையைக் கூட்டை அடிச்சட்டத்தில் பொருத்திக் கதவு இடைவெளிகளைச் சரிபார்த்த பிறகே செய்வது அறிவுடைமை. முன்பே இறுக்கிவிட்டால் பிழையும் சேர்ந்து இறுகிவிடும். பிசின் முழுவதும் முதிர்ந்து சுருங்கி முடியுமுன் வண்ணம் பூசினால், அடியிலுள்ள இழைப்பின்னல் சில மாதங்களில் பளபளப்பின் மேலேயே தடம் காட்டும். மற்றொரு வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாதது: தகர வண்டியில் கூடே மின்சுற்றின் ஒரு பாதியாக இருந்து மின்னோட்டத்தைத் திருப்பித் தருகிறது, கண்ணாடியிழைக் கூடு மின்கடத்தாப் பொருளாதலால், ஒவ்வொரு விளக்குக்கும் அடிச்சட்டம் வரை தனியே ஓர் எர்த்துக் கம்பி இழுத்தாக வேண்டும்.

கூட்டின் கீழே உள்ளவைதாம் வண்டியை ‘டிரெடிஷனல்’, அதாவது மரபுவழிப்பட்டது என்று அழைக்கச் செய்கின்றன. 106 அங்குல அச்சிடைத் தூரமுள்ள 1932 மாதிரிச் சட்டம், நடுப்பகுதி தாழ்த்தி வளைக்கப்பட்ட முன் அச்சு, குறுக்கே கிடக்கும் ஒற்றைப் பட்டைவில், ஃபோர்டு 1939இல் ஏற்ற நீரழுத்தத் தடை, பின்னே பெரியதும் முன்னே சிறியதுமான டயர்கள் ஆகிய இவை சேர்ந்து, மூக்கு சற்றே தாழ்ந்த அந்த நிலையை உண்டாக்குகின்றன. கூட்டைச் சட்டத்தின் மேலேயே அமர்த்தினால் ‘ஹைபாய்’. கூட்டின் தரையை வெட்டி, சட்டத்தை மூடும்படி கீழே இறக்கினால் ‘சேனல்’ செய்தது. 1940களில் இவ்வாறு கட்டியவர் எவரும் தம் வண்டியை மரபுவழிப்பட்டது என்று சொல்லியிருக்கத் தேவையில்லை. 1970இல் தேசியச் சங்கமே அமைத்துக்கொண்ட ‘ஸ்டிரீட் ராட்’ இயக்கம் குளிர்சாதனமும் சொகுசும் நிறைந்த வண்டிகளை வளர்த்த பிறகே, பழைய முறைக்கு அடைமொழி வேண்டியதாயிற்று. பிராய்லர் வந்த பிறகு கோழி ‘நாட்டுக்கோழி’ ஆனது போல.

அப்படியானால் கண்ணாடியிழைக் கூடுடையது மரபு வண்டியாகுமா என்ற வழக்கில், ஆகாது என்போர் காந்தத்தை ஒட்டிப்பார்த்து முடிவு கூறுவர். அவர்கள் உள்ளத்திலுள்ள அன்பு மதிக்கத்தக்கது. பல பத்தாண்டு மழையில் நனைந்த தகரத்தில் ஒரு காலத்தின் கைகள் பதிந்துள்ளன. ஆயினும் தகரத்தையும் ரோட்ஸ்டரையும் ஒன்றெனக் கொள்வதற்குச் சொல்லின் வரலாற்றில் சான்றில்லை. டாட்ஜ் சகோதரர்கள் 1914இல் மரச்சட்டமில்லாத முழு எஃகுக் கூட்டைக் கொண்டுவந்தபோது எஃகே புதுவரவு. அதுவரை கூடு என்றால் பெரும்பாலும் மரத்தில் தைத்த தகடு. இன்று எஃகிலும் 1932 கூட்டைப் புதிதாக அச்சழுத்தி விற்கின்றனர். ‘ஸ்டீல் ரோட்ஸ்டர்’ என்று விளம்பரம் கண்டவர் பழையதா புதியதா என்று கேட்க வேண்டியிருப்பதால், ஃபோர்டு ஆலையிலிருந்து வந்த மூலத்தகட்டை ‘ஹென்றி ஸ்டீல்’ என்று ஹென்றி ஃபோர்டின் பெயரால் பிரித்துச் சொல்கின்றனர். விற்பனைக் குறிப்புகளில் ‘கிளாஸ்’, ‘ஸ்டீல்’, ‘ஹென்றி ஸ்டீல்’ என அடைமொழிகள் பெருகிவர, அவற்றை அடுத்து நிற்கும் ‘ரோட்ஸ்டர்’ எந்த அடைமொழியோடும் பிணங்காமல் நிற்கிறது.