ஒரே வீட்டின் இரு தேர்கள்

கல்வராயன் மலைவாழ் மக்களிடையே ஒரு பழங்கதை வழங்குகிறது. காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பியர் மூவர் புறப்பட்டு வந்தனராம். ஆளுக்கொரு மலையைத் தேர்ந்துகொண்டு தனித்தனியே குடியேறினராம். அவர்தம் வழித்தோன்றல்களே இன்று இம்மலைகளில் வாழ்வோர் என்பர். மலைகள் பல இருந்தன. ஆகவே உடன்பிறந்தாருக்குள் பூசல் மூளவில்லை. மலை ஒன்று, பாதை ஒன்று, பரிசும் ஒன்று என்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

இக்கேள்வியை என்னுள் எழுப்பியவர் கரியாலூரில் வாடகை வண்டி ஓட்டும் ஓர் இளைஞர். 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி, துபாய் நகரின் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அவ்வணி ஓட்டியது போர்ஷே கார். அன்று முதல் இவ்விளைஞருக்குப் பந்தயப் பேச்சே பேச்சு. ஒருநாள் மலையிறங்கும்போது கேட்டார்: "சாமி, போர்ஷேவும் ஆடியும் ஒரே கம்பெனிதானாமே? அப்புறம் எதுக்கு ஒண்ணை ஒண்ணு தோக்கடிக்கணும்? எது ஜெயிச்சாலும் காசு ஒரே பெட்டிக்குத்தானே போகுது?"

கேட்டவரின் முகத்தில் வெறும் ஆர்வம் மட்டும் இல்லை. இவருடைய அண்ணனும் அதே தடத்தில் வண்டி ஓட்டுகிறார். பயணிகளை ஏற்றுவதில் தொடங்கிய மனத்தாங்கலால், இருவரும் பேசி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

ஒரு குடும்பத்தின் கதை

பிரான்சு நாட்டின் லெ மான் நகரம், புனித ஜூலியன் பேராலயத்தால் நெடுங்காலமாக அறியப்பட்டது. 1923 முதல் அதற்கு இன்னொரு புகழும் சேர்ந்தது. சனிக்கிழமை பிற்பகல் தொடங்கி, இரவெல்லாம் ஓடி, ஞாயிறு பிற்பகல் முடியும் 24 மணி நேரக் கார்ப் பந்தயமே அது. ஒரு சுற்று ஏறத்தாழ 13.6 கிலோமீட்டர். ஒரு காரை இக்காலத்தில் பெரும்பாலும் மூவர் மாறி மாறி ஓட்டுவர். குறித்த நேரத்தில் அதிகத் தொலைவு கடப்பவருக்கே வெற்றி. வேகம் மட்டும் போதாது. பழுதுபடாத உறுதியும் வேண்டும். எனவேதான் இதனைத் தாங்குதிறன் பந்தயம் என்கிறோம்.

இக்களத்தில் மோதிய உடன்பிறப்புகளின் வேர் ஒரு வீட்டில் இருக்கிறது. பொறியாளர் ஃபெர்டினாண்ட் போர்ஷேவுக்கு மக்கள் இருவர்: மகள் லூயிஸ், மகன் ஃபெரி. லூயிஸின் மகன் ஃபெர்டினாண்ட் பியெஹ். பாட்டனாரின் பெயர் தாங்கிய நிறுவனத்தில் இந்தப் பேரனின் தலைமையில் உருவான 917 என்னும் காரே, 1970இல் லெ மானில் போர்ஷேவுக்கு முதல் முழுவெற்றியை ஈட்டித் தந்தது. ஆயினும் இரு கிளையினருக்குமிடையே இழுபறி வளர்ந்தது. 1972இல் குடும்பத்தார் எவரும் நிறுவன நிர்வாகப் பொறுப்பில் இருப்பதில்லை என முடிவாயிற்று. பியெஹ் வெளியேறி, ஃபோக்ஸ்வேகன் குழுமத்தைச் சேர்ந்த ஆடி நிறுவனத்தில் சேர்ந்தார். 1993இல் அக்குழுமத்துக்கே தலைவரானார்.

காலம் பின்னர் ஒரு விந்தை செய்தது. ஃபோக்ஸ்வேகனை விழுங்க முயன்ற போர்ஷே கடன் சுமையில் சிக்கியது. இறுதியில் 2012இல் அதன் கார் நிறுவனம் ஃபோக்ஸ்வேகனுக்கே முழு உடைமையாயிற்று. பேரன் விட்டுச் சென்ற வீடும், அவர் வளர்த்த வீடும் இவ்வாறு ஒரே கூரையின்கீழ் வந்தன.

விட்டுக்கொடுத்த ஆண்டு

அதற்கு முன்பே அக்கூரையின்கீழ் வேறொரு சகோதரி இருந்தாள். 1998இல் குழுமம் வாங்கிய இங்கிலாந்தின் பென்ட்லிதான் அது. 2000, 2001, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளும் லெ மானில் வென்றது ஆடி. 2003இலோ ஆடி தன் நேரடி அணியைக் களமிறக்கவில்லை. ஆடியின் எஞ்சினிலிருந்து உருவான எஞ்சினோடு பென்ட்லி ஓடியது. முதல் இரு இடங்களையும் பெற்றது. 1930க்குப் பின் அதற்குக் கிட்டிய முதல் வெற்றி அது. மறு ஆண்டு ஆடி மீண்டும் முடி சூடியது. வழிவிட்டதால் அதன் பெருமை குறைந்துவிடவில்லை.

டென்மார்க்கின் டாம் கிறிஸ்டென்சன் லெ மானில் ஒன்பது முறை வென்றவர். அவற்றுள் ஏழு ஆடியில், ஒன்று பென்ட்லியில், ஒன்று போர்ஷேயில். மூன்று சகோதரிகளின் வீட்டிலும் விருந்துண்ட மனிதர் அவர்!

நேருக்கு நேர்

2014இல் நிலைமை மாறியது. 1998இல் வென்றபின் உயர்பிரிவிலிருந்து விலகியிருந்த போர்ஷே, பதினாறு ஆண்டுகளுக்குப் பின் 919 என்னும் காருடன் திரும்பி வந்தது. ஆடி வழிவிடவில்லை. வீட்டுத் தலைவர்கள் இருவரையும் மோத விட்டனர்.

இருவரின் வழிகளும் முற்றிலும் வேறு. ஆடியினுடையது நான்கு லிட்டர் டீசல் எஞ்சின். போர்ஷேயினுடையது இரண்டே லிட்டர் பெட்ரோல் எஞ்சின். பிரேக் பிடிக்கையில் வீணாகும் ஆற்றலைச் சேமிக்க ஆடி சுழல்சக்கரத்தை நம்பியது. போர்ஷே மின்கலத்தை நம்பியது. ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு ஆற்றல்தான் செலவழிக்கலாம் என்று அவ்வாண்டு விதி வகுக்கப்பட்டது. எரிபொருளின் ஒவ்வொரு துளிக்கும் கருவி கணக்கு வைத்தது.

முதலாண்டு ஞாயிறு காலை போர்ஷே முன்னணிக்கு வந்தது; சில மணி நேரமே மீதமிருக்கையில் பழுதுபட்டு நின்றது. ஆடி தன் பதின்மூன்றாம் வெற்றியைப் பெற்றது. 2015இல் போர்ஷே 395 சுற்றுகள் ஓடி முதல் இரு இடங்களையும் பிடித்தது. ஆடிக்கு மூன்றாம் இடம். 2016இல் முன்னணியில் இருந்த டொயோட்டா கார் முடிவுக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் நின்றுபோக, மீண்டும் போர்ஷே வென்றது.

தமிழகத்துக்கும் இக்கதையில் ஓர் இழை உண்டு. 2009இல் ஒரு தனியார் அணியின் ஆடி காரை ஓட்டக் கோவையின் நரேன் கார்த்திகேயன் லெ மான் சென்றிருந்தார். தொடக்கத்துக்குச் சற்று முன் கீழே விழுந்து அவருடைய தோள்மூட்டு நழுவியது, ஓட்ட இயலாமற்போயிற்று. அவருடைய பங்கையும் சேர்த்து ஓட்டித் தோழர் இருவர் அந்தக் காரை ஏழாம் இடத்துக்குக் கொண்டுவந்தனர். அவருள் ஒருவர் ஆந்த்ரே லாட்டரர். அந்த உழைப்பு வீண்போகவில்லை. லாட்டரர் ஆடியின் நேரடி அணிக்கு வந்து மூன்று முறை லெ மானில் வென்றார். ஆடி விலகியதும் 2017இல் அவர் சென்று சேர்ந்தது போர்ஷே அணியில்! களத்தில் எதிரிகளாக நின்றவர்கள் பகைவர்களாக இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வீட்டைக் குலைத்தது எது?

அப்படியாயின் ஆடி ஏன் விலகியது? 2015 செப்டம்பரில் ஓர் உண்மை அமெரிக்காவில் வெளிப்பட்டது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் டீசல் கார்களில் ஒரு தந்திரம் பொதிந்திருந்தது. சோதனைக்கூடத்தில் மட்டும் நச்சுப்புகையைக் குறைத்துக் காட்டிவிட்டு, சாலையில் அளவுக்கு மீறி உமிழும் மென்பொருள் அது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்கள் இதில் சிக்கின. அபராதமும் இழப்பீடும் மலைபோல் குவிந்தன. டீசலின் நற்பெயர் மண்ணாயிற்று. குழுமம் மின்சாரக் கார்களின் பக்கம் திரும்பியது. ஒரே பந்தயத்தில் இரு பெருஞ்செலவுகளைச் சுமக்க இயலாமற்போயிற்று. 2016 அக்டோபரில் ஆடி தன் விலகலை அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் பஹ்ரைனில் ஓடிய கடைசிப் பந்தயத்தில் முதல் இரு இடங்களையும் வென்று விடைபெற்றது. போட்டியாளரை இழந்த போர்ஷே 2017இல் தன் பத்தொன்பதாம் வெற்றியைப் பெற்றது; அவ்வாண்டின் இறுதியில் அதுவும் அப்பிரிவை விட்டு நீங்கியது.

சிந்திப்போம். களத்திலே ஒவ்வொரு துளிக்கும் கணக்குக் கொடுத்த அதே வீடு, சாலையிலே பொய்க்கணக்குக் காட்டியது. சகோதரிகளின் போட்டி அந்த வீட்டைக் கெடுக்கவில்லை. எல்லாருடைய கண்முன்னும், வகுத்த விதிக்குள், அளந்து பார்க்கக்கூடிய போட்டி அது. இருவரையும் அது கூர்மைப்படுத்தியது. கெடுத்தது மறைவில் நடந்த பொய்யே.

நம் குடும்பங்களிலும் இதுவன்றோ நிலை? அண்ணனைவிடத் தம்பி நன்றாக உழைத்து முன்னேறியதால் உடைந்த வீடுகளை நான் அதிகம் கண்டதில்லை. சொல்லாமல் விற்ற நிலத்தாலும், மறைத்த பத்திரத்தாலும், முதுகுக்குப் பின்னால் பேசிய பேச்சாலும் உடைந்த வீடுகளையோ பல கண்டிருக்கிறேன். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று முன்னோர் சொன்னது உறவை மறுப்பதற்காக அன்று. கணக்கு நேராக இருந்தால்தான் உறவு நிலைக்கும் என்பதற்காகவே.

இவற்றையெல்லாம் அடுத்த பயணத்தில் அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ வண்டி ஓட்டுறது தப்பில்லை சாமி. அண்ணன் வண்டி ரிப்பேருன்னு நான் சவாரிக்காரங்ககிட்ட பொய் சொன்னேனே, அதுதான் தப்பு" என்றார்.

ஒரு வளைவில் எதிரே ஒரு வண்டி மேலேறி வந்தது. மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்பது மலைப்பாதையின் மரபு. இளைஞர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். எதிரே வந்தவர் அவருடைய அண்ணன் அல்லர், வேறு யாரோ. ஆனாலும் அந்த வண்டி கடந்து சென்ற பின்னும் அவர் சற்று நேரம் அங்கேயே நின்று, மேலேறும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.