எல்லைக்கோட்டுக்குள் ஓர் உயில்

தஞ்சாவூரில் வாழ்ந்த ஓர் இந்து, தன் நஞ்சை நிலத்தைப் பற்றி அங்கேயே உயில் எழுதி வைத்துவிட்டு இறந்தால், அந்த உயிலுக்கு ப்ரொபேட், அதாவது உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்க வேண்டிய கட்டாயம் அவர் பிள்ளைகளுக்கு இருந்ததில்லை. மயிலாப்பூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அதே உயிலை அவர் எழுதியிருந்தால் நிலைமை வேறு. ப்ரொபேட் இல்லாமல் அதை வைத்து எந்த நீதிமன்றத்திலும் உரிமையை நிலைநாட்ட முடிந்ததில்லை. தஞ்சாவூரில் எழுதிய உயிலில் மயிலாப்பூர் வீடு ஒன்று இடம்பெற்றிருந்தால், அந்த வீட்டைப் பொறுத்தவரை இதே கட்டாயம் இருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த உயிலுக்கும் விலக்கு இருந்ததில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய நகர எல்லையை ஒட்டிப் போட்ட இந்தக் கோடு 1870 முதல் 2025 டிசம்பர் வரை நின்றது. வெள்ளையர் விட்டுச்சென்ற வீண் சடங்கு என்றே பலரும் இதைச் சொல்கிறார்கள். அந்நியருடைய தேவைக்காக வந்த ஏற்பாடுதான், ஐயமில்லை. ஆனால் காலப்போக்கில், குடும்பத்துக்குள் குரல் எடுபடாத வாரிசுக்கு அது ஒரு காவலாகவும் ஆயிற்று என்பதே என் கருத்து. அந்தக் காவலுக்கு மாற்று எதையும் வைக்காமல் கோட்டை மட்டும் அழித்திருக்கிறோம்.

தொடக்கம் ஜார்ஜ் கோட்டையில். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்கள் தனி வணிகத்திலும் பணம் சேர்த்தார்கள். காய்ச்சலிலும் கடற்பயணத்திலும் இளம் வயதிலேயே இறந்தார்கள். சொத்து சென்னையில், உறவினர் இங்கிலாந்தில். இங்கே ஒருவரிடம் ஒப்படைத்த சொத்துக்கு அங்கே இன்னொருவர் கணக்குக் கேட்டால் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். 1726-இல் முதலாம் ஜார்ஜ் மன்னரின் சாசனத்தால் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றிலும் மேயர் நீதிமன்றங்கள் அமைந்ததற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம். ஒரு மேயர், ஒன்பது ஆல்டர்மேன்கள். பெரும்பாலும் வணிகர்களே தவிர சட்டம் படித்தவர்கள் அல்லர். உயிலை ஏற்று ப்ரொபேட் தரவும், உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்துக்கு நிர்வாகியை நியமிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் கிடைத்தது. இங்கிலாந்தில் அப்போது இந்த வேலை திருச்சபை நீதிமன்றங்களின் கையில் இருந்தது. 1857-இல் சட்டம் மாறும் வரை அங்கே நிலைமை அதுதான். 1798-இல் வந்த ரெக்கார்டர் நீதிமன்றம், 1801-இல் திறந்த சுப்ரீம் கோர்ட், 1862-இல் நிறுவிய உயர் நீதிமன்றம் என்று இந்த அதிகாரம் வழிவழியாகக் கைமாறி வந்தது.

இந்துக்கள் இதற்குள் வந்த விதம் வேறு. தர்மசாஸ்திரங்களில் உயில் என்ற ஏற்பாடு இல்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டென்றால், இறப்புக்குப் பின் யாருக்கு என்று எழுதிவைக்க ஒருவருக்கு என்ன உரிமை? ஆனால் துபாஷிகளும் வணிகர்களும் சொந்தச் சம்பாத்தியத்தில் பெருஞ்செல்வம் சேர்த்த சென்னையில், பக்கத்திலிருந்த ஆங்கிலேயர்களைப் பார்த்து அவர்களும் உயில் எழுதத் தொடங்கினார்கள். அவற்றுள் பெயர்பெற்றது பச்சையப்ப முதலியாரின் உயில். கோயில் அறங்களுக்கும் தருமங்களுக்கும் பணம் ஒதுக்கி எழுதிவைத்துவிட்டு 1794-இல் அவர் இறந்தார். பணம் பல்லாண்டுகள் அறத்துக்குப் போய்ச் சேரவில்லை. வழக்கு நீண்டு, சுப்ரீம் கோர்ட்டும் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனும் தலையிட்ட பிறகே சொத்து மீண்டது. தருமங்களுக்குப் போக எஞ்சிய பணத்தில் 1842-இல் பள்ளி தொடங்கியது. பின்னாளில் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். உயில் எழுதியவரின் எண்ணம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அவர் கண்மூடிய பிறகு அதைக் கேட்க யாருமில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இந்த அரை நூற்றாண்டே சான்று. இந்துவுக்கு உயில் எழுதும் உரிமை உண்டு என்பதையே, சென்னை மாகாணத்து வழக்கொன்றில் 1856-இல்தான் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஏற்றது.

1865-இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் விலக்கிவைத்தது. 1870-இன் இந்து உயில்கள் சட்டம் அதன் பல பிரிவுகளை, ப்ரொபேட் கட்டாயம் உட்பட, வங்காளத்துக்கும் சென்னை, பம்பாய் நகர எல்லைகளுக்கும் மட்டும் நீட்டியது. ஆங்கிலேய நீதிமன்றத்துக்கும் வழக்கறிஞர்களுக்கும் பழகிய ஊர்களில் மட்டும் போதும் என்ற அன்றைய கணக்கு அது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் அந்தக் கணக்கைத் திருத்தாமல் 57, 213 ஆகிய பிரிவுகளில் அப்படியே எடுத்துக்கொண்டது. முஸ்லிம்களுக்கு இந்தக் கட்டாயம் இருந்ததில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கோ எந்த ஊரானாலும் கட்டாயமாக இருந்தது. அது பாகுபாடு என்று தொடுத்த வழக்கை 2001-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அவர்களை விடுவித்தது.

இவ்வளவு கோணலான பிறப்புள்ள ஏற்பாட்டில் காக்கத்தக்கது என்ன? வழக்கு நடந்த முறையில் அது இருக்கிறது. ப்ரொபேட் மனு போட்டால் இறந்தவரின் நெருங்கிய வாரிசுகள் யார் யார் என்று சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு அறிவிப்புப் போகும். உயிலில் பெயரில்லாத மகளும் அதில் அடக்கம். அவள் கேவியட் என்ற எதிர்ப்பு மனு போட்டால் மனு டி.ஓ.எஸ். என்ற உயில் வழக்காக மாறும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் கூண்டேறி, இறந்தவர் தெளிந்த மனத்தோடுதான் கையெழுத்திட்டாரா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சொத்து கைமாறுவதற்கு முன்பே இவ்வளவும் நடக்கும். கடைசியில் கிடைக்கும் தீர்ப்பு அந்த வழக்கின் தரப்பாரோடு நில்லாமல் எல்லோரையும் கட்டுப்படுத்தும். சாதாரண சிவில் வழக்கின் தீர்ப்புக்கு அந்த வலிமை இல்லை.

மதுரையும் கோவையும் இது இல்லாமலே நன்றாக வாழவில்லையா என்று கேட்பார்கள். வாழ்ந்தன; உயிலை நம்பிப் பட்டா மாற்றினார்கள், விற்றார்கள், வாங்கினார்கள். தகராறு இல்லாத குடும்பத்துக்கு அதில் குறையொன்றுமில்லை. தகராறு உள்ள இடத்தில்தான் வேறுபாடு தெரியும். அங்கே உயில் உண்மையானதா என்ற கேள்வி, சொத்து கைமாறிப் பல ஆண்டுகள் கழித்து, பாகப்பிரிவினை வழக்கின் நடுவில் எழும். அதற்குள் சாட்சிகள் இறந்திருப்பார்கள். வாங்கியவர் வீடு கட்டிக் குடியேறியிருப்பார். உயிலை மெய்ப்பிக்கும் பாரம் உயிலைக் காட்டுபவர் மேல்தான் என்று சாட்சியச் சட்டம் சொல்வது உண்மையே. ஆனால் வழக்குத் தொடுக்கும் பாரம், கோர்ட் கட்டணம், வக்கீல் செலவு எல்லாம் விலக்கப்பட்ட மகளின் தலையில் விழும். அத்தகைய மகள்களில் எத்தனை பேர் நீதிமன்றப் படி ஏறுவார்கள்?

காலமும் செலவும் பற்றிய குறை இதைவிட வலுவானது. அதை நான் மறுக்கவில்லை. யாரும் எதிர்க்காத உயிலுக்கும் மனு, கட்டணம், காத்திருப்பு. கணவர் விட்டுப்போன ஒற்றை வீட்டை விற்க முடியாமல் தவித்த விதவைக்கு, வாரிசுகளைக் காக்கும் சட்டம் இது என்று சொல்வது கொடுமை. ஒரே மாநிலத்தில் சென்னைவாசிக்கு ஒரு நீதி, சேலத்துக்காரருக்கு ஒரு நீதி என்பதற்கும் நியாயம் இல்லை. 213-ஆம் பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது அந்த அளவில் சரியே. ஆனால் சமம் ஆக்க இரண்டு வழிகள் இருந்தன. சென்னையின் காவலை எளிமையாக்கி எல்லா ஊருக்கும் தருவது ஒன்று. யாருக்கும் இல்லாமல் செய்வது மற்றொன்று. நாம் இரண்டாவதைத் தேர்ந்தோம். விரும்பியவர் இன்றும் ப்ரொபேட் வாங்கலாம். ஆனால் சந்தேகத்துக்கு இடமான உயிலை வைத்திருப்பவர் தானாகப் போய் அதை நீதிபதி முன் நீட்டமாட்டார். இனிமேல் உயில் முதலில் போய் நிற்பது தாசில்தார் அலுவலகத்திலும் சார்பதிவாளர் முன்னும். உயில் உண்மையா பொய்யா என்று தீர்க்கும் அதிகாரம் அந்த இருவருக்கும் இல்லை. இறந்தவரின் வாரிசுகள் எல்லோருக்கும் அறிவித்து, ஆட்சேபம் சொல்ல உரிய காலம் கொடுத்த பிறகே உயிலை வைத்துப் பட்டாவோ பத்திரமோ மாற்றலாம், ஆட்சேபம் வந்தால் உரியவர் நீதிமன்றம் போகும்வரை மாற்றம் நிற்கும் என்று ஒரு கண்டிப்பான விதி வேண்டும். அப்படிச் செய்தால் பழைய முறையில் இருந்த நல்லதை, அதன் செலவில்லாமல், தஞ்சாவூருக்கும் கொண்டுபோகலாம்.