உறைபனிக் காலம்: பயிரோடு வீட்டையும் கவனியுங்கள்

நீலகிரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற இடங்களில் புல்வெளி வெள்ளையாகிவிடும். தேயிலையை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்கும் நீங்கள், படுக்கும் அறையைப் பற்றிக் கேட்பதே இல்லை.

குளிருக்காக இரும்புச் சட்டியில் கரி மூட்டி, கதவு, ஜன்னலை அடைத்துத் தூங்கவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கிய தணலில் இருந்தும் அது வரும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். படுக்கும் முன் சட்டியை வெளியே வைத்துவிடுங்கள். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் இருந்தால் எல்லோரும் உடனே வெளியே வந்து 108-ஐ அழையுங்கள்.

காய்கறி ஏற்றும் பிக்கப்பை மூடிய ஷெட்டுக்குள் ஸ்டார்ட் செய்து சூடேற்றுவதிலும் இதே ஆபத்து உண்டு. குளிரில் பேட்டரியின் திறன் குறையும். பழையதாக இருந்தால் இப்போதே சோதித்துவிடுங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள். இரவில் முன்கண்ணாடியைச் சாக்கால் மூடுங்கள். பனி படிந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும். (அவசரத்தில் பலரும் இதைத்தான் செய்கிறார்கள்.) மூடுபனியில் ஹெட்லைட்டை லோ பீமில் வையுங்கள், ஹை பீம் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணையே கூசவைக்கும்.

விடியற்காலையில் ஸ்பிரிங்ளர் போடப் போகிறவர்கள், நனைந்த துணியையும் சாக்ஸையும் உடனே மாற்றுங்கள். வயதானவர்களும் இதய நோயாளிகளும் வெயில் வந்தபிறகு தோட்டத்துக்குப் போனால் போதும்.