ஹவுண்ட் டாக் (பாடல்)

‘ஹவுண்ட் டாக்’ ஓர் அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் பாடல். இதை எழுதி மெட்டமைத்தவர்கள் ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற வெள்ளை இளைஞர்கள். அப்போது இருவருக்கும் வயது 19. 1952 ஆகஸ்ட் 13 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பாடகி பிக் மாமா தார்ன்டன் பாட, பாடல் முதன்முதலில் பதிவானது. ஹூஸ்டன் நகரின் பீகாக் நிறுவனம் 1953இல் வெளியிட்ட அந்த இசைத்தட்டு, பில்போர்டு இதழின் ரிதம் அண்ட் புளூஸ் வரிசையில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆனால் உலகம் அறிந்தது 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியதைத்தான். கறுப்பினப் பெண்ணின் பாடலை வெள்ளைப் பாடகர் ஒருவர் களவாடிவிட்டார் என்பது இன்று பரவலாக வழங்கும் கதை. தார்ன்டனுக்கு அநீதி நடந்தது உண்மை. அது நடந்த இடத்தைத்தான் இந்தக் கதை மாற்றிக் காட்டுகிறது.

இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் இது விளங்கும். தார்ன்டன் பாடுவது, தன் காசில் உட்கார்ந்து தின்னும் ஆணை வாசலுக்கு வெளியே தள்ளும் பெண்ணின் பாட்டு. நாய் என்பது அங்கே வசை. தாளம் நிதானமாக அசைந்து வர, பீட் லூயிஸின் கிதாரோடு அவர் பேச்சுக்குப் பேச்சு கொடுக்கிறார். அந்தப் பேச்சும் கூவலும் தன்னுடைய சேர்க்கை என்று பின்னாளில் அவரே சொன்னார். லாஸ் வேகாஸ் மேடைகளில் பாடிவந்த ஃப்ரெடி பெல் குழு 1955இல் வரிகளை மாற்றி, வேகத்தைக் கூட்டி, இதை வேடிக்கைப் பாட்டாக்கியது. வசை போய் நிஜ நாயே வந்துவிட்டது. 1956இல் லாஸ் வேகாஸில் பாடச் சென்ற எல்விஸ் எடுத்துக்கொண்டது இந்த வடிவத்தை. ஜூலை 1 அன்று ஸ்டீவ் ஆலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வால்கோட்டு அணிந்து நின்று ஒரு நாயைப் பார்த்து அவர் பாட வேண்டியிருந்தது. (பாடல் எவ்வளவு தூரம் விலகி வந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.) மறுநாள் நியூயார்க்கில் 31 முறை பாடிப் பதிவு செய்தார். மெம்பிஸில் வளர்ந்த எல்விஸ் தார்ன்டனின் தட்டைக் கேட்காமலா இருந்திருப்பார் என்று கேட்கலாம். கேட்டிருக்கலாம்தான்; ஆனால் அவர் பாடிய சொல்லும் வேகமும் பெல்லிடமிருந்து வந்தவை.

அப்படியானால் தார்ன்டன் இழந்தது எங்கே? பதிப்புரிமைச் சட்டம் சொல்லுக்கும் மெட்டுக்கும் காவல் நின்றது, குரலுக்கு நிற்கவில்லை. 1953இலேயே மெம்பிஸின் சன் நிறுவனம் இதே மெட்டில் ரூஃபஸ் தாமஸைக் கொண்டு ‘பேர் கேட்’ என்ற பதில் பாட்டை வெளியிட்டது. பீகாக் உரிமையாளர் டான் ரோபி வழக்குப் போட, சன் தோற்றது. பாடலில் தனக்கும் பங்கு உண்டு என்ற, தார்ன்டனின் பதிவை நடத்திய இசைக்குழுத் தலைவர் ஜானி ஓட்டிஸின் கோரிக்கையை 1957இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இத்தனை வழக்கிலும் தார்ன்டன் பெயரில் கோர எதுவும் இருக்கவில்லை. தனக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றே என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தத் தட்டை விற்ற ரோபியும் கறுப்பினத்தவர்தான் என்பதை, நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லப்படும் கதை வசதியாக மறந்துவிடுகிறது.

இதற்காக நிறத்தை ஒதுக்கிவிட முடியாது. தார்ன்டனின் தட்டு கறுப்பினக் கேட்போருக்கென்று பிரித்து வைத்த வரிசைக்குள் நின்றது. எல்விஸின் தட்டு 11 வாரம் பொது வரிசையின் உச்சியில் இருந்தது. எழுதாதவருக்கு ராயல்டி இல்லாதது இயல்புதானே என்பது இன்னொரு வாதம். ஆனால் ‘பால் அண்ட் செயின்’ பாட்டைத் தார்ன்டனே எழுதினார். அதன் பதிப்புரிமையை ஒரு சிறு நிறுவனம் தன் கையில் வைத்துக்கொண்டது. 1968இல் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் குரலில் அது புகழ் பெற்றபோதும் பதிப்புரிமைப் பணம் தார்ன்டனுக்கு வரவில்லை. ஆக, சட்டத்தின் குறை பாதிதான். கையெழுத்திடும் மேசையில் அவருக்குப் பேரம் பேசும் பலம் இல்லாததே மீதி. அவர் 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். கிராமி புகழ்க்கூடத்தில் எல்விஸின் ‘ஹவுண்ட் டாக்’ 1988இல் இடம்பெற்றது; தார்ன்டனுடையது 2013இல்.