ஞானப்பல் அறுவை சிகிச்சையில் நரம்புப் பாதுகாப்பு: வரலாறு

ஞானப்பல் எனப்படும் மூன்றாம் கடைவாய்ப்பல் பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கிறது. தாடையில் இடம் போதாதபோது அது ஈறுக்கு அடியிலோ எலும்புக்குள்ளோ சாய்ந்து தங்கிவிடும். இதுவே புதைந்த ஞானப்பல். கீழ்த்தாடையில் இதை அகற்றும்போது அருகிலுள்ள நரம்புகள் காயமடையலாம். இந்த ஆபத்தைக் குறைக்கும் முயற்சி சுமார் நூறாண்டு வரலாறு கொண்டது.

ஆபத்துக்குள்ளாகும் நரம்புகள்

கீழ்ப் பற்குழி நரம்பு தாடை எலும்பின் உட்குழாய் வழியே செல்கிறது. கீழ்ப் பற்கள், கீழுதடு, முகவாய் ஆகியவற்றின் உணர்வு இதைச் சார்ந்தது. இது காயமடைந்தால் உதடு கோணாது, ஆனால் மரத்துப்போகும். நாக்கு நரம்பு பல்லின் உட்புறமாக, ஈறுக்கு மிக அருகில் செல்கிறது. இது பாதிக்கப்பட்டால் நாக்கின் உணர்வும் சுவையும் குறையும். பெரும்பாலானோருக்கு உணர்வு சில மாதங்களில் திரும்பிவிடுகிறது. சிலருக்கு மரப்பு நிரந்தரமாகிவிடுகிறது.

எக்ஸ்ரே காட்டிய வழி

அமெரிக்கரான ஜார்ஜ் வின்டர் 1926இல் புதைந்த பற்களை அவை சாய்ந்திருக்கும் கோணத்தைக் கொண்டு வகைப்படுத்தினார். 1933இல் பெல், கிரிகோரி இருவரும் பல் புதைந்துள்ள ஆழத்தையும் தாடையில் உள்ள இடத்தையும் கணக்கில் சேர்த்தனர். இவை அறுவையின் கடினத்தைக் கணிக்க உதவின. நரம்பின் நிலையை அறிய வேறு வழி தேவைப்பட்டது.

பின்லாந்தின் இர்யோ பாட்டெரோ உருவாக்கிய, தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே முறை இன்று ஓபிஜி என அறியப்படுகிறது. 1990இல் ரூட், ஷெஹாப் ஆகியோர் எக்ஸ்ரே படத்தில் எச்சரிக்கை தரும் ஏழு அடையாளங்களை ஆராய்ந்தனர். வேர் கருத்துத் தெரிதல், நரம்புக் குழாயின் வெண்கோடு அறுபடுதல், குழாய் திசைமாறுதல் ஆகிய மூன்றும் நரம்புக் காயத்துடன் தெளிவான தொடர்புடையவை எனக் கண்டனர். 1990களின் இறுதியில் வந்த கூம்புக்கற்றை சிடி ஸ்கேன், வேரும் நரம்பும் தொடும் இடத்தை முப்பரிமாணத்தில் காட்டியது.

வேரை விட்டுவைத்தல்

1984இல் எக்குயே, டெபியான் ஆகியோர் பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, நரம்பை ஒட்டிய வேரை எலும்பிலேயே விட்டுவிடும் முறையை விவரித்தனர். இது கொரோனெக்டமி எனப்படுகிறது. இலண்டனில் ஆபத்து அதிகமுள்ள 128 பேரிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. முழுப் பல்லும் எடுக்கப்பட்ட இடங்களில் 19 விழுக்காட்டில் நரம்பு பாதிக்கப்பட்டது. வெற்றிகரமாக முடிந்த கொரோனெக்டமியில் யாருக்கும் பாதிப்பு இல்லை. எனினும் வேரில் தொற்று இருந்தாலோ அது ஆடினாலோ இம்முறை பொருந்தாது. விட்ட வேர் பின்னாளில் நகர்ந்து, மீண்டும் அறுவை தேவைப்படலாம்.

நோயில்லாத ஞானப்பல்லை வழக்கமாக அகற்றுவதை நிறுத்துமாறு பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2000இல் அறிவுறுத்தியது.

தமிழ்நாட்டில்

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் தொடங்கினார். பல் மருத்துவர் சட்டம் 1948இல் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு 1953இல் உருவானது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1980இல் பல் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்துக்கும் அருகே, சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 2023இல் திறக்கப்பட்டது.

நரம்புக்கு அருகில் வேர் இருப்பதாக ஓபிஜி காட்டினால், சிடி ஸ்கேன் தேவையா, முழுப் பல்லையும் எடுக்க வேண்டுமா என்று அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டறிவது நோயாளியின் உரிமையாகும்.